பிக்கப்ப மிதிச்சா கரும்புகை தள்ளுதா? பம்ப எறக்குறதுக்கு முன்னாடி காத்த தேடுங்க

லோடு ஏத்துன டீசல் பிக்கப், மேட்டுல மூணாவது கியர்ல ஆக்சிலரேட்டர தரையோட மிதிச்சா பின்னாடி வர்ற பைக்காரர் மொகமே தெரியாத அளவுக்கு கருப்பா புகை, ஆனா ஐடில்ல நிறுத்தி வச்சா சைலன்சர் வாய்ல ஒண்ணுமே இல்ல. இந்த கம்ப்ளெயின்ட்டோட ஒர்க்‌ஷாப் போனா மொத கேள்வியே "நாசில் எப்ப பாத்தீங்க, எறக்கிரலாமா"ன்னுதான் வரும். எறக்குனா இன்ஜெக்டர் (டீசல சிலிண்டருக்குள்ள பீச்சுற பார்ட்டு, அதோட மொனைதான் நாசில்) நாலும் பம்ப் கடைக்கு போகும், வண்டி ஒரு வாரம் நிக்கும், பில்லு பெருசா வரும், திரும்ப மாட்டி அதே மேட்டுல ஏத்துனா பாதி வண்டில புகை அப்படியே இருக்கும். ஏன்னா அந்த வண்டிகள்ல கோளாறு டீசல் பக்கமே இல்ல, காத்துப் பக்கம்.

அதனால இந்த வழிகாட்டியோட வரிசை ஒண்ணே ஒண்ணுதான், காத்து போற வழி முழுசையும் பாத்து முடிச்சிட்டு கடைசியா டீசலுக்கு வாங்க. நான் சொல்றது டர்போவும் (காத்த அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளுற விசிறி) காமன் ரெயிலும் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவா ஒரே குழாய்ல அதிக அழுத்தத்துல டீசல் நிக்கிற அமைப்பு) இருக்குற வண்டிங்களுக்கு, பொலிரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா, யோதா, இசுஸு டி-மேக்ஸ் எல்லாமே இந்த குடும்பம்தான். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு கடைசில தனியா சொல்றேன்.

புகை ஏன் கருப்பா வருது

கருப்புன்னா கரி. டீசல் உள்ள போயிருக்கு, அது முழுசா எரியிற அளவுக்கு காத்து கெடைக்கல, மிச்சம் கரியா வெளிய வருது, அவ்ளோதான். ஒரு கிலோ டீசல் எரிய குறைஞ்சது பதினாலரை கிலோ காத்து வேணும். லிட்டர் கணக்குல பாத்தா ஒரு லிட்டர் டீசலுக்கு கிட்டத்தட்ட 10,000 லிட்டர் காத்து, அதுவும் பேப்பர் கணக்குக்கு. நெசத்துல டீசல் தூவானமா பீச்சப்பட்டு அந்த கண்ணிமைக்கிற நேரத்துல காத்தோட கலக்கணும், எல்லா துளிக்கும் காத்து சமமா கெடைக்காது, அதனால ஒரு பங்கு டீசலுக்கு பதினெட்டு பங்கு காத்துங்குற அளவுக்கு கீழ எறங்குனாலே புகை தெரிய ஆரம்பிச்சிரும்.

இத ஒரு கணக்கா போட்டு பாத்தா காத்த ஏன் மொதல்ல தேடணும்னு புரியும். 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின்னு வச்சுக்கோங்க. ஒரு சிலிண்டர் சுமார் 630 சிசி. டர்போ இல்லாம சும்மா இழுத்தா ஒரு தடவைக்கு ஏறக்குறைய 600 மில்லிகிராம் காத்து உள்ள போகும். டர்போ காத்த ரெண்டு மடங்கு அழுத்தத்துல தள்ளுனா அது 1200 பக்கம் வரும், அதுக்கு ஏத்த மாதிரி 65 மில்லிகிராம் டீசல் விடலாம், ஒண்ணுக்கு பதினெட்டு, புகை இல்ல. இப்ப இன்டர்கூலர் (டர்போ தள்ளுற சூடான காத்த ஆற வைக்கிற ரேடியேட்டர்) ஹோஸ்ல ஒரு கிழிசல், காத்து 900 தான் வருது, ஆனா 65 டீசல் அப்படியே போகுதுன்னா ஒண்ணுக்கு பதினாலுக்கும் கீழ. இன்ஜெக்டர் புத்தம் புதுசா இருந்தாலும் அது கருப்பாத்தான் தள்ளும். நீங்க நாசில் மாத்துனா என்ன, மாத்தாட்டி என்ன.

மொதல்ல புகைய சரியா பாருங்க

வண்டிய ஒருத்தர் ஓட்ட, நீங்க பின்னாடி பைக்ல போய் பாருங்க, இல்ல போன்ல வீடியோ எடுக்க சொல்லுங்க. டிரைவர் சீட்ல இருந்து கண்ணாடில பாக்குறது பத்தாது. பாக்க வேண்டியது இதுதான்: மிதிச்ச உடனே ஒரு நொடி 'புஸ்'ஸுன்னு வந்துட்டு நின்னுருதா, இல்ல மிதிச்சிட்டே இருக்குற வரைக்கும் வருதா. டர்போ வேகம் புடிக்கிறதுக்கு முன்னாடி வர்ற அந்த சின்ன புஸ் பழைய வண்டில சகஜம், அதுக்கு தூக்கம் கெட வேணாம். தொடர்ந்து வந்தா கோளாறு.

கலரையும் ஒழுங்கா பாத்துக்கோங்க. நீலமா வந்தா ஆயில் எரியுது. வெள்ளையா வந்து கண்ணு எரிஞ்சா டீசல் எரியாமலே வருது, வெள்ளையா வந்து கூலன்ட் கொறைஞ்சிட்டே போனா ஹெட் கேஸ்கட் பக்கம் சந்தேகம். இது ரெண்டுக்கும் இந்த வழிகாட்டி உதவாது. அப்புறம் இழுவையையும் கவனிங்க, புகையோட இழுவையும் கொறைஞ்சிருந்தா காத்து கொறைஞ்சிருக்குன்னு கிட்டத்தட்ட எழுதி வச்சுக்கலாம். புகை இருக்கு ஆனா இழுவ முன்னவிட அதிகமா இருக்குன்னா யாரோ டீசல கூட்டி விட வைக்கிற ட்யூனிங் பாக்ஸ் மாட்டிருக்காங்க இல்ல ஈசிஎம்ல (இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) கை வச்சிருக்காங்க, செகண்ட் ஹேண்ட்ல வாங்குன வண்டின்னா இத கண்டிப்பா பாருங்க, ரெயில் சென்சார் ஒயர் நடுவுல ஒரு சின்ன டப்பா தொங்கும்.

வண்டிய குறை சொல்றதுக்கு முன்னாடி

ஒன்னரை டன் வண்டில மூணு டன் ஏத்திட்டு, மேல பத்தடிக்கு தார்ப்பாய் கட்டி, நாலாவது கியர்ல 1200 ஆர்பிஎம்ல மேட்ட ஏத்துனா எந்த வண்டியும் புகைக்கும். டர்போ அந்த ஆர்பிஎம்ல தூங்கிட்டு இருக்கும், நீங்க பெடல முழுசா மிதிச்சு டீசல் கேக்குறீங்க. ஒரு கியர் கொறைச்சு 2000 தாண்டி வச்சு ஏத்தி பாருங்க, புகை பாதியா கொறைஞ்சா கோளாறு வண்டில இல்ல.

பிரேக் ஒட்டிட்டு இருக்கான்னு பாருங்க, கொஞ்ச தூரம் பிரேக் புடிக்காம ஓட்டிட்டு நாலு வீலுக்கும் பக்கத்துல கைய கொண்டு போனா எது சூடுன்னு தெரியும். டயர் காத்து. டீசல் எங்க போடுறீங்கன்னும் யோசிங்க, வெல கொறச்சலா கேன்ல ஊத்தி தர்ற "பயோ டீசல்" போட்டு ஓட்டுற வண்டிக்கு கீழ இருக்குற எந்த ஸ்டெப்பும் வேலைக்கு ஆகாது, மொதல்ல டேங்க காலி பண்ணி ஃபில்டர் மாத்தி நல்ல பங்க்ல ஒரு டேங்க் அடிங்க.

ஏர் ஃபில்டர்

எல்லாரும் "நேத்துதான் ஊதுனேன்"னு சொல்ற பார்ட்டு இதுதான். பேப்பர் ஃபில்டர ஊதுறதுக்கும் ஒரு எல்லை இருக்கு, கிரஷர், செங்கல் சூளை, மண் ரோடு பக்கம் ஓடுற வண்டில மடிப்புக்குள்ள பவுடர் மாதிரி தூசி இறுகிரும், ஊதுனா மேல் தூசி மட்டும் போகும். பஞ்சர் கடைல பைப்ப கிட்ட வச்சு முழு பிரஷர்ல ஊதுனா பேப்பர்ல கண்ணுக்கு தெரியாத ஓட்டை விழும், அப்புறம் அந்த தூசி டர்போ பிளேட தின்னும். டார்ச்ச உள்ள வச்சு பாருங்க, வெளிச்சம் சுத்தி ஒரே மாதிரி தெரியலன்னா பேசாம புதுசு போடுங்க. ஃபில்டர கழட்டிட்டு ஓட்டி டெஸ்ட் பண்றதெல்லாம் வேணவே வேணாம்.

ஃபில்டரோட விட்டுறாதீங்க, அதுக்கு முன்னாடி காத்து உறிஞ்சுற வாய் பைப் இருக்கு, அதுக்குள்ள கைய விட்டு பாருங்க. வைக்கோல் லோடு அடிக்கிற வண்டில அதுக்குள்ள வைக்கோலே அடைச்சிருக்கும், ராத்திரி குடோன்ல நிக்கிற வண்டில எலி பஞ்சையும் கேரி பேக்கையும் கொண்டு போய் வச்சிருக்கும். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல இருக்குற ரப்பர் பைப் பழசாகி மெத்துனு இருந்தா நிக்கிறப்ப நல்லாத்தான் இருக்கும், மிதிக்கிறப்ப டர்போ உறிஞ்சுற வேகத்துல சப்பையா ஒட்டிக்கும். ஒருத்தர ரேஸ் பண்ண சொல்லிட்டு அந்த பைப்ப பாருங்க, உள்பக்கம் ஒடுங்குனா மாத்துங்க.

ஹோஸும் இன்டர்கூலரும், இங்கதான் நேரம் செலவழிக்கணும்

டர்போல இருந்து இன்டர்கூலருக்கு ஒரு பைப், இன்டர்கூலர்ல இருந்து இன்டேக்குக்கு ஒரு பைப். இதுல எங்க ஓட்டை இருந்தாலும் மேல போட்ட கணக்குதான். கஷ்டம் என்னன்னா ஐடில்ல இந்த பைப்புக்குள்ள அழுத்தமே இருக்காது, அதனால ஓட்டையும் காட்டிக்குடுக்காது. மிதிக்கும்போதுதான் கிழிசல் வாய தொறக்கும், பெடல விட்டா மூடிக்கும்.

மொதல்ல கண்ணால. டர்போல இருந்து லேசா ஆயில் ஆவி வரும், அது எந்த வண்டிலயும் இருக்கும். ஓட்டை இருக்குற எடத்துல அந்த ஆயில் வெளிய கசிஞ்சு, அது மேல தூசி ஒட்டி கருப்பு பிசுக்கா இருக்கும். அந்த மாதிரி எடத்த தொடச்சிட்டு ஹோஸ ரெண்டு கையாலயும் வளைச்சு பாருங்க, முக்கியமா அடிப்பக்கம், அப்புறம் பாடி இல்ல பிராக்கெட்ல உரசுற எடம். வெரலால உள்பக்கமும் தடவி பாருங்க, வெளிய நல்லா இருந்து உள் லேயர் மட்டும் உரிஞ்சு மடங்கி வழிய அடைச்சிருக்குற ஹோஸும் உண்டு, அது ஓட்டை டெஸ்ட்ல மாட்டவே மாட்டாது.

திம்பம் மலைல ஏறுற வண்டிங்கள்ல இது அதிகம் மாட்டும். சத்தியமங்கலத்துல இருந்து உர மூட்டை ஏத்திட்டு 27 கொண்டை ஊசிலயும் ரெண்டாவது கியர்ல முழு பூஸ்ட்ல (டர்போ தள்ளுற காத்தழுத்தம்) ஏறுது, வளைவு வந்தா பெடல விட்டு திரும்ப மிதி, விட்டு மிதின்னு ஹோஸ் உப்பி சுருங்கி உப்பி சுருங்கி, கிளிப் உக்கார்ற எடத்துல அரை வட்டமா கீறல் விழும். கிளிப்போட ஓரத்துக்கு அடில ஒளிஞ்சிருக்கும், கிளிப்ப லூஸ் பண்ணி நகத்தாம தெரியாது. டிரைவர் சொல்ற அடையாளம், "வளைவு தாண்டி மிதிச்சா சீச்சீன்னு ஒரு விசில் சத்தம்ணே, அப்புறம் புகை". அந்த விசில கேட்டா ஸ்கேனர் (ஈசிஎம்ல இருக்குற தகவல படிக்கிற மெஷின்) கூட தேவையில்ல, நேரா ஹோஸுக்கு போங்க.

கண்ணுக்கு மாட்டலன்னா காத்து அடிச்சு பாக்கலாம், செலவு கம்மி. ஹார்டுவேர் கடைல ஹோஸ் சைஸுக்கு ஒரு பிவிசி எண்ட் கேப், அதுல ஓட்டை போட்டு ட்யூப்லெஸ் டயர் வால்வு ஒண்ணு. இன்ஜின் ஆஃப். டர்போவோட அவுட்லெட்ல இருந்து ஹோஸ கழட்டி, அந்த ஹோஸ் வாய்ல கேப்ப சொருகி கிளிப் போட்டு டைட் பண்ணிட்டு வால்வு வழியா காத்து அடிங்க. பஞ்சர் கடை கம்ப்ரசர நேரா சொருகவே கூடாது, அதுல 8 பார் 10 பார்னு இருக்கும், ரெகுலேட்டர் வச்சு 1 பாருக்கு மேல போகாம பாத்துக்கோங்க, கேப்புக்கு நேரா மொகத்த வச்சிட்டு நிக்காதீங்க, தெறிச்சு வந்தா பல்லு போயிரும். காத்து உள்ள இருக்கும்போது எல்லா ஜாயின்ட்லயும் சோப்பு தண்ணி தெளிங்க, நுரை கட்டுற எடம் ஓட்டை.

இன்டர்கூலர்ல அலுமினிய கோரும் பிளாஸ்டிக் டேங்க்கும் சேர்ற மடிப்பு இருக்குல்ல, அங்க நல்லா தெளிங்க, நுரை பொதுவா அங்கதான் வரும். இன்டேக் வால்வு தொறந்திருக்குற சிலிண்டர் வழியா கொஞ்சம் காத்து எறங்கி ஆயில் மூடி பக்கமோ சைலன்சர் பக்கமோ லேசா சத்தம் கேக்கலாம், அத ஓட்டைன்னு எடுத்துக்க வேணாம். டர்போல கழட்டுன அந்த ஒரு ஜாயின்ட் மட்டும் இந்த டெஸ்ட்ல வராது, மாட்டும்போது ஓ-ரிங், கிளிப் ரெண்டையும் பாத்து மாட்டுங்க.

ஹோஸ் கிழிஞ்சிருந்தா சைக்கிள் ட்யூப் சுத்தி கம்பி கட்டுறது வீடு போய் சேர்ற வரைக்கும்தான். இன்டர்கூலர் பிளாஸ்டிக்ல எம்-சீல் ஒட்டுறதும் அப்படித்தான், சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் நிக்காது.

ஸ்கேனர்ல என்ன பாக்கணும்

பெரும்பாலான எடத்துல ஸ்கேனர மாட்டி "எரர் இல்லண்ணே, எல்லாம் ஓகே"ன்னு கழட்டிருவாங்க. எரர் கோடு வராமலே நல்லா புகைக்கலாம், அதனால கோட பாத்துட்டு விட்டுறாம லைவ் டேட்டாவ, அதாவது அந்தந்த நேரம் சென்சார் காட்டுற எண்கள, பாக்க சொல்லுங்க. ஆன்லைன்ல வாங்குற சின்ன ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் சில லோடு வண்டில பேசவே பேசாது, அப்ப ஒர்க்‌ஷாப் ஸ்கேனர்தான் வழி.

இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் ஆன் பண்ணி பூஸ்ட் பிரஷர் எவ்ளோ காட்டுதுன்னு பாருங்க. இன்ஜின் ஓடாதப்ப வெளிக்காத்து அழுத்தம்தான் காட்டணும், சென்னை தூத்துக்குடி மாதிரி கடலோரம்னா 100 கிலோபாஸ்கல் பக்கம், 2,240 மீட்டர் ஒசரத்துல இருக்குற ஊட்டில 78 பக்கம். சமவெளில நின்னுட்டு 120, 130ன்னு காட்டுனா சென்சார் பொய் சொல்லுது, இல்லாத காத்த இருக்குன்னு நம்பி ஈசிஎம் டீசல் விடும். சென்சார கழட்டுனா முனைல கரியும் ஆயிலும் சேர்ந்து அப்பியிருக்கும், காண்டாக்ட் கிளீனர் அடிச்சு காய வச்சு மாட்டி திரும்ப பாருங்க, அப்பவும் பொய் சொன்னா மாத்துங்க.

அப்புறம் ரோட்டுல. வண்டி காலியா இருந்தா காட்டாது, லோடோட போங்க. ஆள் நடமாட்டம் இல்லாத மேடு ஒண்ணுல மூணாவது கியர்ல 1500ல இருந்து 3500 வரைக்கும் முழுசா மிதிச்சு, பக்கத்துல உக்காந்திருக்குறவர் ரெக்கார்ட் பண்ணட்டும், ஓட்டுறவர் ஸ்கேனர பாக்கவே கூடாது. எடுக்க வேண்டியது: ஈசிஎம் கேட்ட பூஸ்ட், நெசமா வந்த பூஸ்ட், ஏர் மாஸ் (உள்ள போற காத்தோட எடை), கேட்ட ரெயில் பிரஷர் (ரெயில்ல நிக்கிற டீசலோட அழுத்தம்), வந்த ரெயில் பிரஷர், இஜிஆர் பொசிஷன் (எரிஞ்ச புகைய திரும்ப உள்ள விடுற வால்வு எவ்ளோ தொறந்திருக்கு).

இப்ப படிக்கிறது எப்படின்னா, ஈசிஎம் 200 கிலோபாஸ்கல் பூஸ்ட் கேக்குது, 150தான் வருது, ஆனா ஏர் மாஸ் நல்லா காட்டுதுன்னா, காத்து சென்சார தாண்டி உள்ள வந்திருக்கு, நடுவுல எங்கயோ வெளிய போகுது, அதாவது ஹோஸ் இல்ல இன்டர்கூலர். இதுதான் ரொம்ப மோசமான புகை, ஏன்னா ஈசிஎம் அந்த ஏர் மாஸ் சென்சார நம்பித்தான் டீசல அளக்குது. பூஸ்ட்டும் கம்மி ஏர் மாஸும் கம்மின்னா டர்போ தள்ளல, இல்ல ஃபில்டர் பக்கம் அடைப்பு, இல்ல சைலன்சர் அடைப்பு. பூஸ்ட் கேட்ட அளவுக்கு வருது, ஆனா ஏர் மாஸ் மட்டும் கம்மின்னா மொத சந்தேகம் இஜிஆர், இன்டேக்குல அழுத்தம் இருக்கு, ஆனா அதுல பாதி புதுக்காத்து இல்ல, எரிஞ்ச புகை. காத்து ரெண்டும் சரியா இருந்து ரெயில் பிரஷர் கேட்டதுக்கும் வந்ததுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா அப்பதான் டீசல் பக்கம் போகணும்.

ஏர் மாஸ் சென்சார பத்தி ஒண்ணு சொல்லிடுறேன், புகைன்னு சொன்ன ஒடனே அத மாத்த சொல்ற பழக்கம் ஒண்ணு இருக்கு. அழுக்கான சென்சார் பெரும்பாலும் காத்த கொறைச்சுத்தான் காட்டும், கொறைச்சு காட்டுனா ஈசிஎம் டீசல கட் பண்ணும், வண்டி இழுக்காது, ஆனா புகையும் பெருசா வராது. அதனால இழுவ இல்ல, புகையும் இல்லன்னா அந்த சென்சார சந்தேகப்படுங்க.

இஜிஆர்

எரிஞ்ச புகைல கொஞ்சத்த திரும்ப இன்டேக்குக்கு அனுப்பி நைட்ரஜன் ஆக்சைட கொறைக்கிற வால்வு இது. லேசா ஓட்டும்போது தொறக்கும், முழுசா மிதிச்சா மூடிரணும். கரி புடிச்சு மூடாம நின்னுட்டா மிதிக்கும்போதும் புகைய உள்ள அனுப்பிட்டே இருக்கும். கழட்டி பாருங்க, தட்டு சீட்டுல முழுசா உக்காரணும், டார்ச் அடிச்சா அந்தப்பக்கம் வெளிச்சம் தெரியக்கூடாது. ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பி கரிய சுரண்டாதீங்க, கிளீனர்ல ஊற வச்சு பிரஷ் போடுங்க, மோட்டார் பக்கம் கிளீனர் போகாம புடிங்க. சில வண்டில மாட்டுனதுக்கு அப்புறம் ஸ்கேனர்ல பொசிஷன் கத்துக்குடுக்கணும்.

வால்வு எடுத்த கையோட இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளயும் எட்டி பாருங்க. இஜிஆர் புகையும் ஆயில் ஆவியும் சேர்ந்து தார் மாதிரி படிஞ்சு, கட்டை வெரல் போற ஓட்டைல சுண்டு வெரல் போகும். கழட்டித்தான் கழுவணும், மேல ஸ்ப்ரே அடிச்சா வராது, கட்டியா பேர்ந்து உள்ள போனா வால்வுல மாட்டும்.

இஜிஆர தகடு வச்சு அடைச்சிரலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. சட்டப்படி கூடாது, ஈசிஎம் லைட்டும் போடும், அடைச்சிட்டா புகை நின்னுரும்னு சொல்றது வால்வு மூடாம மாட்டுன வண்டிக்கு மட்டும்தான் நெசம். சரியா மூடுற வால்வ அடைச்சு மிதிக்கும்போது வர்ற புகைல ஒரு மாத்தமும் இருக்காது.

டர்போ

டர்போ மாத்தணும்னு யாராவது சொன்னா அதுக்கு முன்னாடி ஆக்சுவேட்டர, அதாவது டர்போவோட அழுத்தத்த கூட்டி கொறைக்கிற பார்ட்ட, பாத்தாங்களான்னு கேளுங்க. வேஸ்ட்கேட் (கொஞ்சம் புகைய டர்போவ சுத்தாம வெளிய விடுற கதவு) ராடு துரு புடிச்சு தொறந்த நிலைல நின்னா பூஸ்ட் வராது. வேக்யூம்ல வேலை செய்ற டர்போன்னா அந்த மெல்லிசு ரப்பர் ட்யூப் ஒண்ணு வெடிச்சிருந்தாலே போதும், முழு டர்போவும் சும்மா சுத்தும். நெறைய வண்டில வேக்யூம் பம்ப் ஆல்டர்னேட்டர் பின்னாடிதான் இருக்கும், பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான், அதனால புகையோட பிரேக் பெடலும் கல்லு மாதிரி ஆயிருச்சுன்னா டர்போவ விட்டுட்டு பம்ப பாருங்க, அப்புறம் அந்த வண்டிய அப்படியே ஓட்டவும் கூடாது.

இன்ஜின் ஆறுனதுக்கு அப்புறம் இன்லெட் ஹோஸ கழட்டி ஷாஃப்ட்ட வெரலால ஆட்டுங்க. மேல கீழ ரொம்ப லேசா ஆடலாம், முன்ன பின்ன ஆடக்கூடாது, பிளேடு சுவத்துல உரசுன தடம் இருக்கக்கூடாது. பிளேடு முனை மழுங்கி இருந்தா ஏர் ஃபில்டர் வழியா மண்ணு போயிருக்கு, டர்போ மட்டும் மாத்திட்டு ஃபில்டர் பாக்ஸ் ஓரத்த பாக்காம விட்டா புதுசும் போயிரும். ஹோஸ கழட்டுன நிலைல இன்ஜின ஸ்டார்ட் பண்ணாதீங்க, துணி கெடந்தா இழுத்துரும், வெரல் இருந்தாலும் இழுத்துரும்.

சைலன்சர் அடைப்ப சீக்கிரமா சொல்லிரலாம். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள கரி அடைச்சா இல்ல உள்ள இருக்குற கல்லு ஒடைஞ்சு திரும்பிக்கிட்டா புகை வெளிய போக வழி இல்லாம புதுக்காத்தும் உள்ள வராது. ஐடில்ல சரியா இருந்து ஆர்பிஎம் ஏற ஏற யாரோ பின்னாடி புடிச்சு இழுக்குற மாதிரி இருக்கும். கன்வெர்ட்டர கையால தட்டுனா உள்ள கலகலன்னு கேட்டா கதை முடிஞ்சது.

இப்ப டீசல் பக்கம்

காத்து எல்லாம் சரி, ஸ்கேனர்லயும் பூஸ்ட் சரி, அப்பவும் புகைன்னா இன்ஜெக்டர். நாசில் ஓட்டை தேஞ்சு பெருசாயிருந்தா கணக்குக்கு மேல டீசல் போகும், சொட்டு போட்டா தூவானமா வராம ஒழுகும், ரெண்டுக்கும் கரும்புகை. ஸ்கேனர்ல ஐடில்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசிஎம் எவ்ளோ கூட்டி கொறைச்சு விடுதுன்னு காட்டும், மூணு பூஜ்யத்த ஒட்டி இருந்து ஒண்ணு மட்டும் நல்லா மைனஸ்ல இருந்தா அந்த இன்ஜெக்டர் அதிகமா விடுது, அதான் ஈசிஎம் அத கொறைக்க பாக்குது. அந்த ஒண்ண மொதல்ல கழட்டி பெஞ்ச்ல போட சொல்லுங்க.

ரிட்டர்ன் பாட்டில் டெஸ்ட் தெரிஞ்சிருக்கும், நாலு இன்ஜெக்டர் ரிட்டர்னயும் நாலு பாட்டில்ல புடிச்சு எது சீக்கிரம் நெறையுதுன்னு பாக்குறது. நல்ல டெஸ்ட்தான், ஆனா அது காட்டுறது உள் கசிவ. ஸ்டார்டிங் லேட், ரெயில் பிரஷர் ஏறல, அந்த மாதிரி கம்ப்ளெயின்ட்டுக்கு அது. ரிட்டர்ன் நாலும் சமமா இருக்குன்னு நாசில் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணக்கூடாது.

இது மட்டும் நல்லா கேட்டுக்கோங்க. பழைய பம்ப் வண்டில இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு பைப் நட்டா லூஸ் பண்ணி எந்த சிலிண்டர் வேலை செய்யலன்னு பாக்குற பழக்கம் நம்ம ஊர்ல இன்னமும் இருக்கு. காமன் ரெயில்ல அத செய்யவே கூடாது. ஐடில்லயே 250, 300 பார் இருக்கும், மிதிச்சா ஆயிரத்துக்கு மேல போகும். அந்த அழுத்தத்துல ஊசி மொனை மாதிரி வர்ற டீசல் கையுறைய தாண்டி தோலுக்குள்ள போயிரும், வெளிய சின்ன புள்ளி மட்டும்தான் தெரியும், வலி கூட மொதல்ல பெருசா இருக்காது, உள்ள சதை அழுக ஆரம்பிச்சு வெரல எடுக்குற வரைக்கும் போகும். அப்படி பட்டுருச்சுன்னா மஞ்சள் வச்சு கட்டிட்டு இருக்காம அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க, அழுத்தத்துல டீசல் உள்ள போயிருச்சுன்னு சொல்லுங்க.

இன்ஜெக்டர் மாத்துனா அதோட தலைல எழுதிருக்குற கோட ஈசிஎம்ல ஏத்த சொல்லுங்க, கோடு உள்ள வண்டில அத ஏத்தாம விட்டா புது இன்ஜெக்டரே புகைக்கும். அடில இருக்குற காப்பர் வாஷர் புதுசு. இன்ஜெக்டர சுத்தி தார் மாதிரி கரி கட்டிருந்தா வாஷர் வழியா கம்ப்ரஷன் லீக் ஆகுது. இதுக்கும் அப்புறம் புகைன்னா டாப்பெட் கேப், டைமிங், கம்ப்ரஷன், இதெல்லாம் இன்ஜின் வேலை தெரிஞ்சவர்கிட்ட விடுங்க.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி

இதுல ஈசிஎம் கெடையாது, பெடல மிதிச்ச அளவுக்கு டீசல் போகும். ஊட்டி கொடைக்கானல் ஏறும்போது காத்து மெலிசாகுறத பெரும்பாலான பழைய பம்புக்கு தெரியாது, அதனால மேல போகப் போக கொஞ்சம் அதிகமாத்தான் புகைக்கும். டர்போ வண்டின்னா பம்ப் தலைல பூஸ்ட்ட பாத்து டீசல கூட்டுற ஒரு டயாஃப்ரம் இருக்கலாம், அதுக்கு போற சின்ன பைப்பையும் பாத்துக்கோங்க. பம்ப் டைமிங் லேட்டா இருந்தாலும் கருப்பா வரும். அப்புறம் பம்ப் சீல் ஒடைஞ்சிருக்கான்னு பாருங்க, இழுவ பத்தலன்னு யாரோ மேக்ஸ் ஸ்க்ரூவ (டீசலோட உச்ச அளவ வைக்கிற ஸ்க்ரூ) திருகிருப்பாங்க. அதே மாதிரி புகைய கொறைக்கிறேன்னு அந்த ஸ்க்ரூவ டீசல் கொறையிற பக்கம் திருகுறதும் வைத்தியம் இல்ல, ஃபில்டர் அடைப்ப வச்சுக்கிட்டே டீசல கொறைச்சா புகையும் போகும், மேடும் ஏறாது.

பிஎஸ்6 வண்டின்னா

பிஎஸ்6 புகை விதி வந்த 2020 ஏப்ரல் 1க்கு அப்புறம் வந்த வண்டில கரிய புடிச்சு வைக்க டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருந்தா, இன்ஜின் எவ்ளோ கரி தள்ளுனாலும் வெளிய கருப்பு தெரியக்கூடாது. தெரிஞ்சா ரெண்டுல ஒண்ணு, டிபிஎஃப் உள்ள விரிசல் விட்டிருக்கு, இல்ல யாரோ உள்ள இருந்தத எடுத்துட்டு காலி டப்பாவ மாட்டிருக்காங்க. டெயில் பைப்புக்குள்ள வெரல விட்டா நல்ல டிபிஎஃப் வண்டில கரி ஒட்டாது. புகை தெரியாம ரீஜெனரேஷன் (புடிச்சு வச்ச கரிய எரிச்சு காலி பண்றது) லைட் மட்டும் அடிக்கடி வருதுன்னா அதுவும் இதே கம்ப்ளெயின்ட்தான், டிபிஎஃப் புகைய மறைக்குது, அவ்ளோதான். மேல சொன்ன ஹோஸ், இஜிஆர், சென்சார் எல்லாத்தையும் அதே வரிசைல பாருங்க.

வேலை முடிஞ்சதும்

ஓட்டைய அடைச்ச ஒடனே மிதிச்சு பாத்துட்டு "இன்னும் புகை வருதே"ன்னு பதறாதீங்க. இத்தன நாள் சைலன்சருக்குள்ள படிஞ்ச கரி கொஞ்ச நேரம் வெளிய வரும், லோடோட நல்ல ஓட்டம் ஒண்ணு ஓட்டிட்டு அதே மேட்டுல, அதே கியர்ல, அதே லோடுல திரும்ப வீடியோ எடுத்து பழசோட வச்சு பாருங்க. ரொம்ப நாள் புகைச்ச வண்டின்னா ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திருங்க, அந்த கரி ஆயில்லயும் கலந்திருக்கும். டிப்ஸ்டிக்ல ஆயில் அளவு ஏறியிருந்து டீசல் வாடை அடிச்சா கிலோமீட்டர் கணக்கு பாக்காம அன்னைக்கே மாத்துங்க.

எமிஷன் செக்கப்புக்கு போறதா இருந்தா இன்ஜின் நல்லா சூடானதுக்கு அப்புறம் போங்க. டீசலுக்கு அங்க பண்றது நின்ன எடத்துல நியூட்ரல்ல ரேஸ் பண்ணி புகை அடர்த்திய அளக்குறது, பிஎஸ்4 வண்டிக்கு 50 ஹார்ட்ரிட்ஜ் யூனிட், அதுக்கு முந்துன வண்டிக்கு 65 வரைக்கும் விடுவாங்க. சர்டிபிகேட் பிஎஸ்4க்கும் அதுக்கு மேலயும் ஒரு வருஷம், பழசுக்கு ஆறு மாசம். அந்த டெஸ்ட்ல லோடு கெடையாது, அதனால மேட்டுல கருப்பா தள்ளுற வண்டி கூட அங்க பாஸ் ஆகலாம், ஆனா ரோட்டுல நிறுத்துற ஆபீசருக்கு கண்ணு இருக்கு, 2019 மோட்டார் வாகன சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் 10,000 ரூபா வரைக்கும் போகும்.